சட்டையில் மாட்டிக்கொள்ளும் டார்ச் லைட்

எழுபதைத் தாண்டியவனுக்கு டார்ச் லைட் எதற்கு? திருடனைப் பிடிக்கவோ, வயலுக்கு மடை திருப்பவோ அல்ல. ராத்திரி பாத்ரூம் போய்விட்டு, கீழே விழாமல் படுக்கைக்குத் திரும்பி வருவதற்கு. நம் வயதில் விளக்கு வாங்கும்போது முதலில் இடுப்பு எலும்பை நினைத்துக்கொள்ள வேண்டும். சட்டையில் மாட்டிக்கொள்ளும் சின்ன டார்ச் ஒன்றை நாற்பது நாள் உபயோகித்துப் பார்த்தேன். அதில் தெரிந்துகொண்டதை, இந்த ஒரு காரியத்தை மனதில் வைத்தே எழுதுகிறேன்.

எங்கள் தலைமுறைக்கு டார்ச் என்றால் ரெண்டு கட்டை எவரெடிதான். பள்ளிக்கூடத்தில் அதற்கு 'லாம்ப் து போஷ்' என்று பெயர். போஷ் என்றால் சட்டைப் பை. எந்தச் சட்டைப் பையிலும் அது நுழையாது என்பது வேறு விஷயம். உள்ளே போடும் கட்டையை 'பீல்' என்பார்கள். பீல் என்றால் அடுக்கு. 1800-ல் இத்தாலியரான வோல்ட்டா உலோகத் தகடுகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி மின்சாரம் எடுத்தாரே, அதனால் வந்த பெயர். பிறகு 1866-ல் ழோர்ழ் லெக்லான்ஷே என்ற பிரெஞ்சுக்காரர் துத்தநாகமும் கரியும் வைத்து ஒரு மின்கலம் செய்தார். நம் எவரெடிக் கட்டை அந்த வம்சத்தில் வந்ததுதான். நூறு வருடத்துக்கும் மேல் அதில் பெரிய மாற்றம் இல்லை. கடந்த இருபது வருடங்களில் எல்.இ.டி.யும் லித்தியம் பேட்டரியும் வந்து, 'லாம்ப் து போஷ்' கடைசியில் உண்மையாகவே சட்டைப் பைக்குள் வந்துவிட்டது.

எங்கள் வீடு புதுச்சேரி பழைய வீடுகளில் ஒன்று. திண்ணை, நடை, முற்றம், தாழ்வாரம், கடைசியில் பாத்ரூம். படுக்கையிலிருந்து இரண்டு படி இறங்கி, முற்றத்தைச் சுற்றிப் போய், ஒரு படி ஏற வேண்டும். போன ஐப்பசி மழையில் கரண்ட் இல்லாத ஒரு ராத்திரி, வீட்டம்மா அந்த இரண்டாவது படியில் தடுக்கி விழுந்து, ஆறு வாரம் மணிக்கட்டில் மாவுக்கட்டோடு இருந்தார். பிரான்சில் இருக்கும் மகள் ஒவ்வொரு ஞாயிறும் போனில் கேட்பது ஒரே கேள்வி: "வீட்டை வித்துட்டு லிஃப்ட் இருக்கிற ஃப்ளாட்டுக்கு எப்பப்பா போறீங்க?" தாழ்வாரத்தில் இரண்டு பல்ப் போட்டு, கட்டில் பக்கத்திலேயே சுவிட்சும் வைத்தாயிற்று. ஆனால் கரண்ட் போகும் நேரம் என்று ஒன்று இருக்கிறதே. 2011 டிசம்பரில் தானே புயல் நம்மைப் படுத்திய பாட்டை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் வந்தபோது 24 மணி நேரத்தில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அந்த மாதிரி ராத்திரிகளுக்கு வழி செய்யாமல் மகளுக்குப் பதில் சொல்ல முடியாது.

சர்வீசில் பல வருடம் ஸ்டோர்ஸ் செக்‌ஷனில் இருந்தவன் நான். மேஜை வாங்கினாலும் மெழுகுவர்த்தி வாங்கினாலும் ஒப்பீட்டுப் பட்டியல் போட்டுத்தான் பழக்கம். இதற்கும் போட்டேன். பட்டியலில் மூன்று: கையிலிருக்கும் செல்போன், 150 ரூபாய் கை டார்ச், 1,100 ரூபாய் கிளிப் டார்ச். கம்பெனி பெயர் எழுதப் போவதில்லை. மாடல்கள் அடிக்கடி மாறுகின்றன. எதைப் பார்த்து வாங்குவது என்பதுதான் நமக்கு வேண்டியது.

முதலாவது, கை. நமக்குக் கை மிச்சமில்லை. ஒரு கை சுவரைப் பிடிக்கிறது, இன்னொன்று கைலியைப் பிடிக்கிறது, அல்லது கைத்தடியை, குடையை, சாவியை. டார்ச்சுக்கு ஒரு கை கொடுத்தால் சுவர் போய்விடும். செல்போன் இந்த இடத்திலேயே அவுட். தவிர, அதன் திரையைப் பார்த்ததும் கண் கூசி, இருட்டுக்குப் பழகிய பார்வை கெட்டுவிடும். அது மறுபடி முழுசாகப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும். புயல் ராத்திரியில் போன் சார்ஜை விளக்குக்குச் செலவழிப்பதும் புத்திசாலித்தனம் இல்லை; ஆம்புலன்ஸைக் கூப்பிட அதுதான் வேண்டும்.

இரண்டாவது, கிளிப். வீட்டில் நான் கைலி பனியன், வீட்டம்மா நைட்டி. இரண்டிலும் பை கிடையாது. ஆகவே கழுத்து விளிம்பில் மாட்டினால் நிற்க வேண்டும். பனியனில் மாட்டி இருபது முறை குனிந்து நிமிர்ந்து பார்த்தேன், விழவில்லை. எடை சமையலறைத் தராசில் 42 கிராம். இதைவிட கனமானால் பனியன் கழுத்து தொங்கி, வெளிச்சம் வயிற்றில் அடிக்கும். டார்ச்சின் தலை வளைந்து கீழே பார்க்கிற மாதிரி இருப்பது உத்தமம். கிளிப் இரண்டு பக்கமும் பிடித்தால் தொப்பியின் விளிம்பிலும் மாட்டலாம். மெயின் போர்டில் ஃப்யூஸ் பார்க்க அது சௌகரியம். நடப்பதற்கு நெஞ்சுதான் நல்லது. விளக்கு கண்ணுக்குப் பக்கத்தில் இருந்தால் நிழல் விழுவது தெரியாது, படியும் தரையும் ஒரே மட்டமாகத் தோன்றும். நெஞ்சிலிருந்து அடித்தால் மேடு பள்ளத்துக்கு நிழல் விழும், கால் அதைக் கண்டுகொள்ளும்.

மூன்றாவது, வெளிச்சம். கடைக்காரர்கள் லூமன் கணக்கைத்தான் பெரிதாகச் சொல்வார்கள். விளக்கிலிருந்து வெளியே வரும் மொத்த வெளிச்சம் அது. எவ்வளவு தூரம் அடிக்கும் என்பது வேறு கணக்கு. நமக்குத் தூரம் வேண்டாம், பரவல் வேண்டும். வயதானால் கண்ணின் லென்ஸ் மஞ்சளாகிறது, பாப்பாவும் சுருங்குகிறது. அதனால் வாலிபக் கண்ணைவிட நமக்கு வெளிச்சம் அதிகம் தேவை. ஆனால் கூச்சமும் நமக்குத்தான் அதிகம். 150 ரூபாய் டார்ச் நடுவில் சூரியன் மாதிரி ஒரு வட்டம் போட்டுச் சுற்றிலும் இருட்டாக விட்டுவிட்டது. கிளிப் டார்ச்சில் மூன்று அளவு இருக்கிறது: 5, 50, 300 லூமன். ராத்திரி முற்றத்துக்கு 5 லூமன் போதும் என்பது எனக்கே ஆச்சரியம். தெருவில் நடக்க, மூடியில்லாத சாக்கடையைப் பார்க்க 50. முந்நூறை நாற்பது நாளில் ஒரே ஒரு முறைதான் போட்டேன், மாடித் தண்ணீர்த் தொட்டிக்குள் பார்க்க. அதுவும் மூன்று நிமிடத்தில் உடம்பு சுட்டு, தானாகவே குறைந்துவிட்டது. சின்ன டார்ச் எல்லாமே அப்படித்தான். பெட்டியில் போட்டிருக்கும் பெரிய எண்ணுக்காகக் காசு கொடுக்காதீர்கள்.

நான்காவது, நிறம். நீலம் பாய்ந்த வெள்ளை வெளிச்சம் பார்க்க அதிகமாகத் தெரியும், ஆனால் நிறங்களைக் கெடுக்கும். வீட்டம்மாவின் பிரஷர் மாத்திரை ரோஸ், தைராய்டு மாத்திரை இளம் ஆரஞ்சு. 150 ரூபாய் டார்ச்சில் இரண்டும் ஒன்றாகவே தெரிந்தன. மற்றதில் பிரித்துப் பார்க்க முடிந்தது. பெட்டியில் சி.ஆர்.ஐ. 90 என்று போட்டிருந்தால் நிறம் சரியாகத் தெரியும் என்று அர்த்தம். மஞ்சள் சாய்ந்த வெளிச்சமாக இருந்தால் நடு ராத்திரியில் கண்ணுக்கும் இதம்.

ஐந்தாவது, சுவிட்ச். இந்த டார்ச்சில் எனக்குப் பிடிக்காதது இதுதான். சாதாரணமாக அழுத்தினால் நடு அளவில் எரிகிறது. குறைந்த அளவு வேண்டுமானால் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடிக்க வேண்டும். இரண்டு முறை அழுத்தினால் பளிச் பளிச்சென்று மின்ன ஆரம்பிக்கிறது. சாலையில் ஆபத்து என்றால் அது உதவலாம். தூக்கக் கலக்கத்தில் தலை சுற்றத்தான் உதவும். வீட்டம்மா பழகிக்கொள்ள ஒரு வாரம் ஆயிற்று. வாங்குமுன் கடையிலேயே கண்ணை மூடிக்கொண்டு, விரலால் தடவிச் சுவிட்சைக் கண்டுபிடிக்க முடிகிறதா என்று பாருங்கள். குறைந்த வெளிச்சத்தில் ஆரம்பிக்கிற மாடல் கிடைத்தால் அதையே எடுங்கள்.

ஆறாவது, பேட்டரி. பெட்டியில் இத்தனை மணி நேரம் எரியும் என்று போடுகிறார்களே, அது வெளிச்சம் ஆரம்பத்தில் இருந்ததில் பத்தில் ஒரு பங்காகக் குறைகிறவரை எடுக்கும் கணக்கு. முழு வெளிச்சமும் அத்தனை நேரம் நிற்காது. நான் கடிகாரத்தை வைத்துக் குறித்தது: நடு அளவில் 3 மணி 20 நிமிடம். குறைந்த அளவில் நாலு ராத்திரி விட்டு விட்டு எரித்ததில் மொத்தம் 26 மணி. போன் சார்ஜரிலேயே சார்ஜ் ஏறுகிறது. ஆனால் மூன்று நாள் கரண்ட் இல்லை என்றால்? ஆகவே அலமாரியில் பென்சில் கட்டை போடும் டார்ச் ஒன்று தனியாக இருக்கட்டும். கட்டையை உள்ளே போட்டு வைக்காமல் பக்கத்தில் வையுங்கள். உள்ளேயே கிடந்தால் கசிந்து ஸ்பிரிங்கை அரித்துவிடும். ஆபீசில் வருடா வருடம் மார்ச் 31-ல் சாமான் சரிபார்ப்போம். வீட்டில் நான் அதை ஆடி மாதமே, மழைக்கு முன்னால், செய்துவிடுகிறேன்.

தண்ணீர் விஷயம் சுருக்கமாக. ஐ.பி.எக்ஸ். 4 என்றால் சாரல் தாங்கும். 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி தாங்கும். நம் ஊர் மழைக்கு 7 வாங்குவது நல்லது. வாளித் தண்ணீரில் அரை மணி போட்டு வைத்தேன், எடுத்த பிறகும் எரிந்தது.

டெண்டர் விதிப்படி விலை குறைந்தவனுக்குத்தான் ஆர்டர் போக வேண்டும். இந்தப் பட்டியலில் அப்படிச் செய்ய முடியவில்லை. கிளிப் டார்ச்சுக்கே என் சிபாரிசு. இரண்டாகவே வாங்குங்கள், கணவன் மனைவிக்குள் ஒரு டார்ச் என்பது, தேவைப்படும்போது மற்றவரிடம் இருக்கும். இன்னொன்று, டிராயரில் கிடக்கும் டார்ச் டார்ச்சே இல்லை. படுக்கும்போதே கழுத்தில் மாட்டிக்கொண்டு படுப்பதென்று இருவரும் முடிவு செய்திருக்கிறோம்.

இந்தச் சோதனையில் வேறொன்றும் வெளிப்பட்டது. நெஞ்சு விளக்கில் எல்லாப் படிக்கும் நிழல் விழுந்தது, அந்த இரண்டாவது படிக்கு மட்டும் விழவில்லை. உட்கார்ந்து தடவிப் பார்த்தேன். எண்பது வருட நடையில் அதன் விளிம்பு தேய்ந்து உருண்டு போயிருக்கிறது. கொத்தனாரைக் கூப்பிட்டு விளிம்பைச் சதுரமாகப் பூசச் சொல்லி, இரண்டு விரல் அகலத்துக்கு வெள்ளைப் பெயிண்ட் அடித்தேன். பக்கத்துச் சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பியும் வைத்தாயிற்று. மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "இந்த மழைக்காலம் போகட்டும், பார்க்கலாம்" என்றாள். வீடு பற்றிய கோப்பு இப்போதைக்கு நிலுவையில் இருக்கிறது.