கேட்டிருந்தால் பிழைத்திருக்கும்

சில ஆண்டுகளுக்கு முன், ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஐந்து நாள்கள் இருக்கையில், குர்பானிக்கென வாங்கிய கிடா ஒன்றை எங்கள் மதரஸாவின் வேப்பமரத்தடியில் கட்டியிருந்தோம். மாணவர்களுக்கு அதன்மேல் கொள்ளைப் பிரியம். அன்று நண்பகல், வலீமா விருந்தொன்றில் மீந்த சோறு ஒரு சட்டி நிறைய வந்தது. பிள்ளைகள் அதை அள்ளி அள்ளிக் கொடுத்தனர்; கிடாவும் ஆவலுடன் தின்றது. வாயில்லா ஜீவனுக்கு உணவளிப்பதும் ஸதகாவே என்று நாங்களும் அவர்களைப் பாராட்டினோம்.

மஃரிபுக்குப் பின் கிடா அசைபோடுவதை நிறுத்தியது. இஷா நேரத்திற்குள் இடப்பக்க வயிறு உப்பிவிட்டது. பல்லைக் கடித்தபடி படுத்தது. விடிந்தால் சரியாகிவிடும் என்று எண்ணி உறங்கச் சென்றோம். ஃபஜ்ருக்கு எழுந்தபோது அது இறந்து கிடந்தது.

குழி தோண்டும் வேளையில், தெருக்கோடியில் நெடுங்காலமாக ஆடு வளர்த்துவரும் பெரியம்மா வந்து பார்த்தார்.

"சோறு போட்டியளா அஜரத்து?"

"ஆமாம் பெரியம்மா. பிள்ளைகள் ஆசையாகக் கொடுத்தார்கள்."

"பட்டினி கிடந்தாக்கூட ஆடு ரெண்டு நாள் தாங்கும். வயிறு நெறையச் சோறு தின்னா ஒரு ராத்திரி தாங்காது. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!"

பின்னர் கால்நடை மருத்துவர் ஒருவரும் அதையே விளக்கினார். சோற்றின் மாவுச்சத்து ஆட்டின் பெருவயிற்றில் வேகமாகப் புளித்து அமிலமாகிறது. அந்த அமிலம் உடலெங்கும் பரவி உயிரைப் பறிக்கிறது. உடனே மருத்துவம் செய்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றும் சொன்னார்.

அன்று பாடத்தில் ஒரு சிறுவன் கேட்டான்: "ஹஜ்ரத், பூனையைக் கட்டிவைத்துச் சாகவிட்ட பெண் நரகம் புகுந்தாள் என்று ஹதீஸ் சொல்லிக் கொடுத்தீர்களே. நாமும் அவளைப் போன்றவர்களா?" அவள் உணவளிக்கவில்லை, நாம் அளித்தோம் என்று விடை கூற வாயெடுத்தோம். ஆயினும் சொல் வரவில்லை. கட்டிவைத்த கயிறு நம்முடையது. அதன் வேதனையைக் கண்ட பின்பும் உறங்கியவர்கள் நாம். கேட்க வேண்டியவரிடம் கேளாதவர்களும் நாமே.

இந்த உறுத்தலோடு கால்நடைப் பராமரிப்பைப் பற்றி வாசிக்கத் தொடங்கியபோதுதான், எத்தியோப்பியாவின் அஃபார் மக்களை அறிந்தோம். உலகின் மிகக் கொடிய வெப்பம் நிலவும் டனகில் தாழ்நிலத்தை உள்ளடக்கிய பிரதேசம் அவர்களுடையது. ஒட்டகம், மாடு, ஆடுகளுடன் மேய்ச்சல் தேடி இடம்பெயரும் அம்மக்கள் நம் மார்க்கச் சகோதரர்கள்.

மாடுகளைக் கொல்லும் வெக்கை நோய் அந்நாட்டை ஒருமுறை நிலைகுலையச் செய்திருக்கிறது. 1888 முதல் 1892 வரை நீடித்த பெரும் பஞ்சத்துக்கு அந்நோயே முதன்மையான காரணம். உழவு மாடுகள் மடிந்தன, நிலம் தரிசானது, மக்களும் பெருந்திரளாக மாண்டனர். பின்னாளில் வால்டர் பிளோரைட் கென்யாவில் சிறந்த தடுப்பூசியை உருவாக்கினார். எனினும் அதை இடைவிடாது குளிரில் வைத்துக் காக்க வேண்டும். சாலையும் மின்சாரமும் இல்லாத அஃபாருக்கு அதை எப்படிக் கொண்டுசெல்வது? ஜெஃப்ரி மரைனர் என்ற மருத்துவர் வெப்பத்தைத் தாங்கும் வகையில் அதைச் செம்மைப்படுத்தினார். குளிர்சாதனமின்றியும் அது சில வாரங்கள் கெடாதிருந்தது.

ஊசி மருந்து மட்டும் போதவில்லை. 1990களில் அங்குச் சென்றவர்கள் முதலில் குலப் பெரியவர்களுடன் அமர்ந்து பேசினர். எந்த நோய் எங்குத் தோன்றுகிறது, மந்தைகள் எப்போது எங்கே செல்கின்றன என்பதை மேய்ப்பர்களிடமே கேட்டறிந்தனர். அஃபார் மக்களிடம் 'டாகு' என்றொரு வழக்கம் உண்டு. வழியில் இருவர் சந்தித்தால், அமர்ந்து மேய்ச்சல், நீர், நோய் முதலான செய்திகளைப் பரிமாறிக்கொள்ளாமல் பிரிய மாட்டார்கள். அத்தகைய மக்கள் தங்களுக்குள்ளேயே சிலரைத் தேர்ந்து அனுப்பினர். அவர்கள் பயிற்சி பெற்று, ஊர்திகள் செல்லாத இடங்களுக்கு நடந்தே சென்று மாடுகளுக்கு ஊசி போட்டனர். 1995க்குப் பின் வெக்கை நோய் அங்குத் தலைகாட்டவில்லை. அதே 1995இல்தான் இந்தியாவிலும் அந்நோய் கடைசியாகக் காணப்பட்டது. அதுவும் நம் தமிழகத்தின் வட ஆற்காட்டில். 2011இல் உலகமே அதிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. பெரியம்மைக்கு அடுத்து மனிதர் பூமியிலிருந்து முற்றாக ஒழித்த நோய் இதுவே.

இதைப் படித்தபோது எங்கள் பெரியம்மாவின் முகமே கண்முன் நின்றது. அறியாதவற்றை அறிந்தோரிடம் கேளுங்கள் என்பது இறைமறையின் போதனை. அறிந்தோர் என்றதும் தலைப்பாகை அணிந்தவர்களையே நாம் நினைத்துக்கொண்டோம். ஆட்டுப் புழுக்கை மணக்கும் முந்தானையோடு தெருக்கோடியில் இருந்தவரை நினைக்கவில்லை. ஓர் ஒட்டகம் கண்ணீர் விட்டபோது அதனருகே சென்று அதைத் தடவிக் கொடுத்து, அதன் உரிமையாளரைக் கண்டித்தவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள். அந்த ரஹ்மத் பேச்சளவில் நின்றுவிடலாகாது. அன்போடு அறிவும் சேராவிட்டால், ஊட்டும் கையே கொன்றுவிடும்.

இப்போது ஒவ்வோர் ஆண்டும் துல்ஹஜ் பிறை கண்டதும் பெரியம்மாவை மதரஸாவுக்கு அழைக்கிறோம். நிழலில் கட்டுதல், தண்ணீர் வைத்தல், பழகிய தழையையே கொடுத்தல், விருந்துச் சோற்றைத் தவிர்த்தல் ஆகியவற்றை அவர் சொல்ல, பிள்ளைகள் எழுதிக்கொள்கின்றனர். கால்நடை மருத்துவ ஊர்தியை அழைக்கும் 1962 என்ற எண்ணைச் சுவரில் எழுதி வைத்திருக்கிறோம். அன்று கேள்வி கேட்ட சிறுவனுக்கு இன்னும் எங்களால் முழுமையான விடை சொல்ல இயலவில்லை. இனி எந்தக் கிடாவும் எங்கள் அறியாமையால் சாகக் கூடாது என்ற உறுதி மட்டும் இருக்கிறது.

நம்மிடம் அமானிதமாக ஒப்படைக்கப்பட்ட உயிர்களின் உரிமையை அறிந்து பேணும் பாக்கியத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.