பின் சீட்டைக் கழற்றியவன்

எங்கள் வீட்டில் இருந்தது ஒரே கார். அதைப் பந்தயத் தடத்துக்கான வண்டியாக மாற்றினேன். வீட்டில் யாரையும் கேட்கவில்லை; ஆன செலவில் பாதியைத்தான் சொன்னேன். பிறகு அதே வண்டியால் ஒரு பெண்ணையும் குழந்தையையும் இடிக்க இருந்தேன். பழியை அந்தப் பெண்மீது போட்டேன். 'ட்ராக் கார் வாங்கலாமா, தினமும் ஓட்டுகிற மாதிரி வாங்கலாமா?' என்று கேட்டு இப்போது இளைஞர்கள் என்னிடம் வருகிறார்கள். யோசனை சொல்கிறவன் என்ன செய்தவன் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பந்தயம்மீது எனக்கு இருந்த ஆசை பொய்யானதல்ல. சோழவரம் விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களை அப்பாவின் தோளில் உட்கார்ந்து பார்த்தவன் நான். 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் தடம் வந்தபோது பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் பேருந்தில் போனால் ஜன்னலோரம் இடம் பிடிப்பேன். அந்த 3.7 கிலோமீட்டர் தடத்தில் ஒருநாள் என் சொந்த வண்டியை ஓட்ட வேண்டும் என்ற கனவு, வேலை, கல்யாணம், குழந்தை என்று எல்லாம் வந்த பிறகும் போகவில்லை.

வாங்கியது ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ, பழைய வண்டி. 1.2 லிட்டர் டர்போ இன்ஜின், 105 குதிரைத்திறன். ஐந்து பேர் உட்காரலாம், மழையில் பயமில்லாமல் போகலாம், ஞாயிற்றுக்கிழமை தடத்திலும் ஓட்டலாம். எனக்கு வேண்டிய கார் அதுதான். வாங்கின அன்றே கையில் இருந்தது. எனக்கு அது போதவில்லை.

முதலில் சஸ்பென்ஷனைத் தாழ்த்தி இறுக்கினேன். பிறகு முன்சக்கரங்களை உள்சாய்வாக வைத்தேன். வளைவில் பிடிப்பு கூடியது, நகரத்தில் டயரின் உள்ளோரம் மொட்டையானது. செமி ஸ்லிக் டயர் போட்டேன். ரேஸ் பிரேக் பேடு போட்டேன். கடைசியாகப் பின் சீட்டைக் கழற்றிவிட்டு இரும்புக் குழாய்களாலான ரோல் கேஜைப் பொருத்தினேன். முன்னால் இரண்டு பக்கெட் சீட்.

மனைவியிடம் நான் சொன்னது, "எல்லாம் சேஃப்டிக்குத்தான்." அது பொய் என்று சொல்லும்போதே எனக்குத் தெரியும். ரோல் கேஜ் ஹெல்மெட் போட்டு ஓட்டுபவரைக் காப்பாற்றும். ஹெல்மெட் இல்லாமல் சாலையில் போகிறவருக்கு, மோதல் நேரும்போது தலை போய் இடிக்கிற இரும்பு அதுதான். சட்டமும் அனுமதிக்கவில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவின்படி தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை நம் இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. அந்தத் தீர்ப்பைப் படித்துவிட்டுத்தான் வெல்டிங் கடைக்குப் போனேன்.

அம்மா ஒரே ஒரு முறை அந்த வண்டியில் ஏறினார். பக்கெட் சீட்டின் உயர்ந்த விளிம்பைத் தாண்டி உட்காரவே கைத்தாங்கல் வேண்டியிருந்தது. தெருமுனை வேகத்தடையைத் தாண்டியதும், "இனிமே நான் இதுல வரலப்பா, இடுப்பு விட்டுப்போகுது" என்றார். அதன் பிறகு கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஆட்டோவில்தான் போனார். "உங்களுக்குக் கார், எங்களுக்கு ஆட்டோவா?" என்று மனைவி கேட்டாள். பதில் சொல்லாமல் எழுந்து போனேன்.

அந்த ஆண்டு ஐப்பசியில் ஒரு மாலை, நல்ல மழை. போரூரிலிருந்து குன்றத்தூர் போகும் சாலையில் எனக்கு முன்னால் ஸ்கூட்டரில் ஒரு பெண், அவர் முதுகைப் பிடித்தபடி ரெயின்கோட் போட்ட ஒரு குழந்தை. பள்ளத்தைப் பார்த்து அவர் வேகத்தைக் குறைத்தார். நான் பிரேக்கை மிதித்தேன். ரேஸ் பேடு சூடேறினால்தான் நன்றாகக் கடிக்கும். நகரத்தில் ஊர்ந்து வந்த என் வண்டியில் அது ஈரமாகவும் குளிர்ந்தும் இருந்தது. செமி ஸ்லிக் டயரில் தண்ணீரை வெளியே தள்ளப் போதுமான பள்ளங்கள் கிடையாது. காலுக்கடியில் ஏபிஎஸ் துடித்தது, வண்டி நிற்காமல் வழுக்கிக்கொண்டே போனது. ஸ்டியரிங்கை ஒடித்தேன். முன்சக்கரம் நடுத்திட்டில் ஏறி, அலாய் வீல் விரிசல் விட்டு நின்றது. அந்தப் பெண் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, என்னை நோக்கி, "உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே சார்?" என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்து, "ஸ்கூட்டர்காரி ஒருத்தி திடீர்னு குறுக்க வந்துட்டா" என்று சொன்னேன். மனைவி அந்தப் பெண்ணைத் திட்டினாள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த கேவலமான காரியம் அதுதான்.

இவ்வளவும் எதற்காக? தடத்திலாவது வேகமாக ஓட்டினேனா என்றால், இல்லை. சொந்த வண்டியைத் தடத்தில் ஓட்டிப் பார்க்கும் ட்ராக் டே ஒன்றில் பழைய பந்தய வீரர் ஒருவர் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். இறங்கியதும் தன்னுடைய ஸ்விஃப்ட்டில் என்னை ஏற்றிக்கொண்டார். டயர், சஸ்பென்ஷன் எல்லாம் ஷோரூமில் இருந்து வந்தபடியே இருந்த வண்டி. என் வண்டியில் நான் எடுத்த நேரத்தைவிடக் குறைவான நேரத்தில் சுற்றை முடித்தார். "தம்பி, பிரேக்கை மிதிக்கத் தெரியுது. விடத் தெரியல. அதுக்கு டயரை மாத்தி என்ன பிரயோஜனம்?" என்றார்.

பிறகு விளக்கினார். நேர்பாதை முடிவில் பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பாரம் முன்டயர்களுக்கு வருகிறது. அந்தப் பாரம் இருக்கும்போதுதான் வண்டி கேட்டபடி திரும்பும். பிரேக்கிலிருந்து காலைச் சட்டென்று எடுத்தால் மூக்கு தூக்கிக்கொள்ளும், முன்டயரின் பிடிப்பு குறையும், வண்டி வெளியே ஓடும். கொஞ்சம் கொஞ்சமாகக் காலைத் தளர்த்தியபடியே வளைவுக்குள் நுழைய வேண்டும். அதைச் சாதாரண டயரில் பழகுவதுதான் நல்லது. குறைந்த வேகத்திலேயே வழுக்கும், வழுக்கப்போவதை முன்கூட்டியே சொல்லும். நானோ, வராத திறமையைப் பிடிப்புள்ள டயரால் மூடி மறைத்துக்கொண்டிருந்தேன். வண்டி நிறுத்துமிடத்தில் நாலு பேர் ரோல் கேஜைப் பார்த்துவிட்டு என்னை ரேஸர் என்று நினைக்க வேண்டும். உண்மையில் நான் காசு கொடுத்து வாங்கியது அந்தப் பார்வையைத்தான்.

கரடுமுரடான ட்ராக் கார்களை நான் குறை சொல்லவில்லை. லோட்டஸ் எலீஸின் உயரமான கதவடியைத் தாண்டிக் குதித்து உட்காருவதிலும் ஓர் இன்பம் உண்டு. போர்ஷே 911-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். கரேரா வாங்கினால் சின்னதாகவாவது பின் சீட் வைத்துக்கொள்ளலாம், தினமும் வேலைக்குப் போகலாம். ஜிடி3 வாங்கினால் பின் சீட் கிடையாது, சஸ்பென்ஷன் இறுக்கம். இரண்டுமே அருமையான கார்கள். ஆனால் ஜிடி3 இரண்டாவது வண்டியாக இருக்கத் தகுந்தது. குடும்பத்துக்கு வேறு கார் நிற்கும் வீட்டில் அதன் கடினத்தை ஓட்டுபவர் ஒருவரே தாங்கிக்கொள்கிறார். என் வீட்டில் அதை அம்மாவும் மனைவியும் மகளும் தாங்கினார்கள்.

தடத்திலிருந்து திரும்பிய அந்த இரவே மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பில், மழை, ஸ்கூட்டர், எல்லாம். அவள் பல நாள் என்னோடு பேசவில்லை. அது நியாயம். ரோல் கேஜை அறுத்து எடுத்தேன், பின் சீட்டைத் திரும்பப் பொருத்தினேன். இன்றும் இருங்காட்டுக்கோட்டைக்குப் போகிறேன், அதே போலோவில், சாலை டயரில். போவதற்கு முன் புது பிரேக் ஆயில் மட்டும் மாற்றிக்கொள்கிறேன். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரத்தை உறிஞ்சிப் பழையதானால் 155 டிகிரியிலேயே கொதித்து, மிதித்த பெடல் கீழே போய்விடும்.

கேட்டு வருகிறவர்களுக்கு என் பதில் இதுதான். வீட்டில் ஒரே கார் என்றால் தினமும் ஓட்டுகிற வண்டியையே வாங்குங்கள். மிச்சப் பணத்தைப் பயிற்சிக்கும் பிரேக்குக்கும் செலவழியுங்கள். அந்த வண்டியின் எல்லையை நீங்கள் தொட்டுவிட்டீர்கள் என்று ஸ்டாப்வாட்ச் சொன்ன பிறகு ட்ராக் கார் பற்றி யோசியுங்கள். அப்போதும், கையெழுத்துப் போடுவதற்கு முன், பின் சீட்டில் உட்காருகிறவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.