மெலிசாவும் தங்கச்சி ஜாதகமும்

1999 ஏப்ரல். நான் அப்ப புனேயில வேலை. தங்கச்சிக்கு வரன் பார்க்க, அவ பயோடேட்டாவை (செவ்வாய் தோஷம் உட்பட) ஆபீஸ் கம்ப்யூட்டர்ல வேர்டுல அடிச்சு மும்பை மாமாவுக்கு மெயில்ல அனுப்பினேன். திறக்கும்போது, மேக்ரோவை இயக்கவான்னு வேர்டு கேட்டிருக்கு. மருமகன் அனுப்பினதாச்சேன்னு மாமா ஓகே கொடுத்துட்டார்.

மேக்ரோங்கிறது அடிக்கடி செய்யற வேலையைத் தானா செய்ய, கோப்புக்குள்ளயே எழுதி வைக்கிற குட்டி நிரல். மெலிசா வைரஸும் அதேதான். என் கம்ப்யூட்டர்ல, வேர்டு ஒவ்வொரு தடவையும் எடுத்துக்கிற நார்மல் டெம்ப்ளேட்டுல ஏறி உட்கார்ந்துடுச்சு. அப்புறம் நான் அடிச்சு மூடின கோப்புலயெல்லாம் ஒட்டிக்கிச்சு. அடுத்தவர் திறந்தா, அந்தக் கோப்பையே அவர் அவுட்லுக் முகவரிப் பட்டியல்ல முதல் 50 பேருக்கு அனுப்பிடும். 'இ.எக்ஸ்.இ கோப்பைத் திறக்காதீங்க'ன்னு ஊருக்குப் பாடம் எடுத்தவன் நான். வேர்டு கோப்பை யார் சந்தேகப்பட்டா?

"நோட்டீஸ் அடிச்சு ஒட்டிட்டியேண்ணே"ன்னு அழுதவ, ரெண்டு மாசம் எங்கிட்ட பேசலை. இணையத்துல இருந்து வர்ற கோப்புகளோட மேக்ரோவை மைக்ரோசாஃப்ட் தானாவே தடுக்க ஆரம்பிச்சது 2022-லதான். எங்களுக்கு 23 வருஷம் லேட்.

அந்த 50 பேர்ல மாமாவோட மராத்தி மேனேஜரும் ஒருத்தர். மறுநாள் மாமாவைத் தனியா கூப்பிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாராம்: "என் பொண்ணுக்கும் செவ்வாய்தான்."