யார் கழுத்தில் பார்த்தது?

ஒரு நடிகை கல்யாண வரவேற்பில் முத்துச் சோக்கர் போட்டு நின்றால் போதும், இரண்டொரு நாளில் அதே அச்சில் ஒரு செட் எங்கள் ஊர் வாட்ஸ்அப் நகைக் குழுவில் வந்து இறங்கிவிடும். "ஸ்டாக் இருக்கா சிஸ்?", "விலை சொல்லுங்க அக்கா", "சிஓடி உண்டா?" என்று கேள்விகள் வரிசை கட்டும். விலையைப் போட்டுவிட்டு, "அன்பாக்சிங் வீடியோ கட்டாயம், இல்லாட்டி ரிட்டர்ன் கிடையாது" என்று எழுதுவார் அட்மின். அடுப்படி வேலைக்கு நடுவே செல்போனிலேயே கடை நடத்தி, பிள்ளைகளுக்கு ஃபீஸ் கட்டும் பெண்கள் இவர்கள். அந்த உழைப்பின் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. படத்துக்குக் கீழே "ஒரிஜினல் தூத்துக்குடி முத்து" என்று போடும்போது மட்டும் மனசு பொறுப்பதில்லை.

எங்கள் தூத்துக்குடிக் கடலில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961இல். அதற்குப் பிறகு, பார் எனப்படும் கடலடிச் சிப்பித் திட்டுகளில் குளிப்பு நடத்தும் அளவுக்குச் சிப்பி சேரவே இல்லை. தொலையிரம் பார் என்ற முத்துப் பாரின் பேரைச் சொன்னால் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. இப்போது குழுக்களில் முத்து என்று வருவதில் பெரும்பாலானவை சீனாவில் நன்னீரில் வளர்த்து, ஐதராபாத்தில் கோத்தவை. மற்றவை கண்ணாடியிலோ பிளாஸ்டிக்கிலோ பூச்சு ஏற்றியவை. சந்தேகம் இருந்தால் முன்பல்லில் லேசாக உரசிப் பாருங்கள். முத்து என்றால் பொடிமணல் போல நறநறக்கும், பூச்சு என்றால் வழுக்கும். துளையின் ஓரத்தில் தோல் உரிந்திருந்தால் அதற்கு மேல் பார்க்க வேண்டியதே இல்லை.

பெரிய இடத்துக் கழுத்தைப் பார்த்து ஊர் ஆசைப்படுவது இன்று தொடங்கியதல்ல. அந்த ஆசைக்கு எங்கள் கடலும் முத்து கொடுத்திருக்கிறது: கொற்கைப் பக்கம் தண்டனைக் கைதிகளை இறக்கி முத்தெடுத்தார்கள் என்று முதல் நூற்றாண்டின் கிரேக்கக் கடல்வழிக் கையேடான பெரிப்ளூஸ் சொல்கிறது. அதே நூற்றாண்டில் ரோமாபுரி எழுத்தாளர் பிளினி, லோலியா பாலினா என்ற சீமாட்டியைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். சாதாரண நிச்சயதார்த்த விருந்து ஒன்றுக்குத் தலை, காது, கழுத்து, விரல் எங்கும் மரகதமும் முத்துமாக வந்திருந்தாளாம். மதிப்பு ரோமானிய நாணயத்தில் 4 கோடி செஸ்டர்ஸ்; கேட்டால் காட்டுவதற்குக் கணக்கும் தயாராக இருந்ததாம். அவளைப் பார்த்தவர்களுக்கு விலை தெரிந்தது. கடலுக்குள் மூச்சடக்கி இறங்கியவன் யார் என்பது அந்தக் கணக்கில் ஏறியிருக்காது.

எங்கள் கடலில் கடைசிக் குளிப்பு நடந்த அதே 1961இல்தான் ஜாக்குலின் கென்னடி அமெரிக்க அதிபரின் மனைவியாக வெள்ளை மாளிகைக்குள் நுழைந்தார். அவருடைய மூன்று சர மாலையைப் பார்த்து உலகமே முத்து கேட்டது. அந்த மாலை கண்ணாடி மணிகளால் ஆனது. 1996இல் நியூயார்க்கில் சதபீஸ் ஏலத்தில் அது 2,11,500 டாலருக்குப் போனது. வாங்கியவர்கள் அதற்கும் நகல் எடுத்து விற்றார்கள். பெயருள்ள கழுத்தில் ஏறிவிட்டால் கண்ணாடிக்கும் இந்த விலை என்றால், சிப்பியை யார் தேடுவார்கள்?

இருந்தாலும் இணையக் குழு என்றாலே படத்தைப் பார்த்துப் பறக்கிற கூட்டம் என்று நான் சொல்ல மாட்டேன். 2021 ஜனவரி 20 அன்று கமலா ஹாரிஸ் அமெரிக்கத் துணை அதிபராகப் பதவியேற்றார். தாய்வழியில் நம் தமிழ்நாட்டுத் துளசேந்திரபுரத்துப் பேத்தி. அன்றைக்கு எல்லோரும் முத்தணிவோம் என்று ஃபேஸ்புக்கில் தொடங்கிய குழுவில் லட்சக்கணக்கானோர் சேர்ந்தார்கள். அவர் படித்த ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் 1908இல் கறுப்பினப் பெண்கள் தொடங்கிய ஆல்ஃபா காப்பா ஆல்ஃபா சங்கத்துக்கு முத்து ஓர் அடையாளம். கமலாவும் அதன் உறுப்பினர். முத்துக்குப் பின்னால் இருந்த கதையும் அந்தக் குழுவில் கைமாறியது. நகையை மட்டும் அல்ல, அதன் பூர்வீகத்தையும் ஒரு குழுவால் சுமக்க முடியும் என்று எனக்கு நம்பிக்கை வந்தது அப்போதுதான்.

எங்கள் குழுவிலும் ஒரு தங்கச்சி துணிந்து, "சீனா நன்னீர் முத்து, ஐதராபாத் கோர்வை" என்று உள்ளது உள்ளபடி போட்டாள். ஆர்டர் குறையவில்லை. "அப்போ நம்ம ஊர் முத்து எங்கேக்கா கிடைக்கும்?" என்று ஒருத்தி கேட்டாள். அன்று இரவு வெகுநேரம் பேச்சு ஓடியது. கல்லைக் காலில் கட்டி இறங்கிய தாத்தாவைப் பற்றி ஒருத்தி எழுதினாள். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1973இல் இங்கேயே விஞ்ஞானி அழகர்சாமி தலைமையில் சிப்பிக்குள் கரு வைத்து உருண்டை முத்து விளைவித்ததை நான் எழுதினேன். பாதிப் பேருக்கு அது புதுச் செய்தி.

இந்தக் கடலில் இன்றும் மனிதர்கள் மூழ்குகிறார்கள், சங்குக்காக. தூத்துக்குடி திரேஸ்புரத்திலிருந்து போகிறவர்கள் காற்று தரும் கம்ப்ரசர் குழாயை வாயில் கடித்தபடி அடியில் கிடக்கிறார்கள். காது அடைக்கும், மூட்டு பிடிக்கும். எடுத்த சங்கு வங்காளத்துக்குப் போய் மணப்பெண்ணின் வளையலாகிறது. அந்த வளையலுக்கு எந்த நட்சத்திரமும் விளம்பரம் செய்யவில்லை; அம்மா போட்டாள், மகள் போடுகிறாள். மாதாமாதம் மாறுகிற ஃபேஷனைவிட இந்தப் பழக்கம்தான் எங்கள் ஆட்களுக்குச் சோறு போட்டிருக்கிறது. கொல்கத்தாவிலிருந்து கொஞ்சம் வளையல் வரவழைத்து, சங்கு எந்தக் கடலில் எடுத்தது என்பதையும் சேர்த்துப் போடுங்கள் என்று அட்மினிடம் கேட்டிருக்கிறேன். பொங்கலுக்குள் ஒரு லாட் எடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்.