செய்யாத இரண்டு சுழற்சிகள்

என் முனைவர் பட்ட ஆய்வேட்டின் நான்காவது அத்தியாயத்தில் ஓர் அட்டவணை இருக்கிறது. 'வினையூக்கியின் மறுபயன்பாடு' என்று தலைப்பு. முதல் சுழற்சியில் விளைச்சல் 84 சதவீதம். அடுத்தடுத்து 83, 81, 80, 80. இதில் முதல் எண் மட்டும்தான் நிஜம். இரண்டாவதும் மூன்றாவதும் செய்து பார்த்து, வந்ததை மாற்றி எழுதியவை. நான்காவதையும் ஐந்தாவதையும் நான் செய்யவே இல்லை.

டொலுயீனில் நைட்ரோ ஏற்றம் செய்வதுதான் என் வேலை. பென்சீன் வளையத்தில் நைட்ரோ தொகுதியை உட்கார வைப்பது ஒன்றும் புதிய வித்தை அல்ல; ஜெர்மனியின் மிட்சர்லிக் 1834-லேயே செய்துவிட்டார். சாயத்துக்கும் பாராசிட்டமாலுக்கும் போகிற வழிகளில் இந்த வினை நிற்கிறது. வளையத்தைத் தாக்குவது நைட்ரிக் அமிலம் நேரடியாக அல்ல, அதிலிருந்து பிறக்கும் நைட்ரோனியம் அயனி. அதைப் பிறக்க வைக்கத்தான் கந்தக அமிலம். ஆனால் ஒவ்வொரு நைட்ரோ தொகுதி ஏறும்போதும் ஒரு மூலக்கூறு தண்ணீர் வெளியே வருகிறது. அந்தத் தண்ணீர் கந்தக அமிலத்தை நீர்க்கச் செய்துகொண்டே போகும். கடைசியில் மிஞ்சுவது டின் டின்னாகக் கழிவு அமிலம்.

இதற்கு மாற்று தேடித்தான் உலகம் முழுக்க ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். 1997-இல் லண்டன் இம்பீரியல் கல்லூரிக்காரர்கள் இட்டெர்பியம் டிரைஃப்ளேட்டைச் சிறிதளவு சேர்த்து, சாதாரண அடர் நைட்ரிக் அமிலத்திலேயே காரியத்தை முடித்துக் காட்டினார்கள். வினை முடிந்ததும் தண்ணீரை ஆவியாக்கினால் வினையூக்கி திரும்பக் கிடைத்துவிடும். ஸ்வான்சியில் கீத் ஸ்மித் குழுவினர் பீட்டா ஜியோலைட்டை வைத்து, டொலுயீனில் பாரா விளைபொருளை 80 சதவீதத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்கள். வழக்கமான கலப்பு அமிலத்தில் ஆர்த்தோதான் அதிகம், பாரா நாற்பதைத் தொடாது. நானோ ஏழையின் வழியைப் பிடித்தேன். களிமண். மாண்ட்மோரில்லோனைட்டில் இரும்பு அயனிகளை ஏற்றினேன்.

முதல் சுழற்சி அருமையாக வந்தது. அன்று ராத்திரி ஹாஸ்டலில் எல்லோருக்கும் பரோட்டா வாங்கிக் கொடுத்தேன். களிமண்ணை வடிகட்டி, கழுவி, அடுப்பில் காயவைத்து இரண்டாவது சுழற்சி போட்டேன். 71. மூன்றாவது, 48. மண்ணின் நிறமே வெளுத்திருந்தது.

ஏதோ சந்தேகத்தில், வடிகட்டிய திரவத்தில் இரண்டு சொட்டு பொட்டாசியம் தயோசயனேட் விட்டேன். ரத்தச் சிவப்பு. பிளஸ் டூ படிக்கும் பிள்ளையே சொல்லிவிடும், இரும்பு என்று. களிமண்ணில் இருக்க வேண்டிய இரும்பு நைட்ரிக் அமிலத்தில் கரைந்து வெளியே வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு சுழற்சியிலும் என் வினையூக்கி கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டிருந்தது.

அப்போது எனக்கு ஒரு சாக்கு கிடைத்தது, அதுவும் பாடப்புத்தகச் சாக்கு. நைட்ரஸ் அமிலம் இருந்தாலும் தயோசயனேட் சிவக்கும். நைட்ரோ ஏற்றக் கலவையில் நைட்ரஸ் அமிலம் இல்லாமலா இருக்கும்? ஆகவே இது இரும்பாக இருக்க வேண்டியதில்லை என்று எனக்கு நானே வாதாடினேன். இரண்டையும் பிரித்தறிய அரை மணி நேரம் போதும். வேறொரு குழாயில் கொஞ்சம் எடுத்து அமோனியா விட்டால், இரும்பாக இருந்தால் செம்பழுப்பாக வீழ்படியும். அமோனியா புட்டி என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. நான் அதை எடுக்கவில்லை. குழாயை சின்க்கில் கொட்டி, சிவப்பு போகும்வரை தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன்.

"எத்தனை சைக்கிள் பாத்தே?" என்று கைடு கேட்டார்.

"அஞ்சு சார்."

ஐந்து என்று ஏன் வாயில் வந்தது? நான் படித்த கட்டுரைகள் பலவற்றில் ஐந்து என்றிருந்தது, அவ்வளவுதான். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க மூன்று வாரம் இருந்தது. கைடு நல்ல மனிதர். மூல நோட்டைக் கொண்டு வா என்று கேட்கவில்லை. கேட்காதது அவர் குற்றம் என்று சில காலம் எனக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். அதுவும் கேவலம்தான். வைவாவில் ஒருவர் அந்த அட்டவணையைக் குறிப்பிட்டே பாராட்டினார். நான் கைகூப்பினேன்.

இதோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். சில ஆண்டுகளுக்கு முன், என்னிடம் ஆய்வுக்குச் சேர்ந்த ஒரு பெண் அதே களிமண்ணைக் குளோரோபென்சீனில் நீட்டிப் பார்க்க ஆசைப்பட்டாள். முதலில் என் டொலுயீன் முடிவை அப்படியே திரும்பச் செய்து பார்த்துவிட்டுத் தொடங்குவது அவள் ஒழுங்கு. மூன்றாவது சுழற்சியில் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது.

"எங்கயோ தப்பு பண்றேன் சார். உங்களுக்கு வந்தது எனக்கு வரல" என்று கண் கலங்கி நின்றாள்.

"மண்ணைச் சரியா காய வெச்சிருக்க மாட்டேம்மா. ஈரம் இருந்தா போச்சு" என்றேன்.

பொய்யில் கொஞ்சம் வேதியியல் கலந்து கொடுத்தால் அதைக் கண்டுபிடிப்பது கஷ்டம். ஈரம் அமிலத்தன்மையைக் குறைக்கும் என்பது உண்மையாயிற்றே. அவள் போய் ஐந்து மாதம் அந்த மண்ணைக் காயவைத்தாள். 110 டிகிரியில், 150-இல், வெற்றிடத்தில். ஐந்து மாதம். அட்டவணையில் இரண்டு எண்களை இட்டுக்கட்டியது இருபத்தேழு வயதுப் பையனின் பயம் என்றாவது சொல்லிக்கொள்ளலாம். இது நாற்பதைத் தாண்டிய, சம்பளம் வாங்குகிற, பிள்ளைகள் எழுந்து நின்று வணக்கம் சொல்கிற ஆள் தெரிந்தே செய்தது.

ஒரு நாள் அவளே வடிகட்டிய திரவத்தில் தயோசயனேட் விட்டிருக்கிறாள். உடனே அடுத்த குழாயில் அமோனியாவும் விட்டிருக்கிறாள். இரண்டு குழாய்களையும் ஸ்டாண்டோடு தூக்கிக்கொண்டு என் அறைக்கு வந்து மேசைமேல் வைத்தாள். ஒன்று சிவப்பு. மற்றதில் அடியில் செம்பழுப்பு. அவள் ஒன்றும் சொல்லவில்லை. நான்தான் அன்று எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் ஆய்வேட்டில் இரும்பு கசிவது பற்றித் தனி அத்தியாயம் வந்தது. பட்டம் வாங்கிவிட்டாள். இப்போதும் என்னை 'சார்' என்றுதான் அழைக்கிறாள். ஆனால் தன் திருமணத்துக்கு அழைக்கவில்லை. நான் படித்த பல்கலைக்கழகத்துக்கு, அந்த அட்டவணை தவறு என்று கடிதம் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். ஒப்புகை அட்டை வந்தது, பதில் வரவில்லை. ஆய்வேடு இன்னும் நூலக அலமாரியில்தான் இருக்கிறது.

இரும்பேற்றிய களிமண்ணைப் பற்றி அறிய அதைப் புரட்டுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால்: நான்காவது அத்தியாயத்தின் அந்த அட்டவணையில் முதல் வரிக்குக் கீழே எதையும் எடுத்தாள வேண்டாம். இரண்டாவது சுழற்சிக்கு 71, மூன்றாவதுக்கு 48 என்று பென்சிலால் திருத்திக்கொள்ளுங்கள். மற்ற இரண்டு வரிகளையும் அடித்துவிடுங்கள்.