ஓடுகிறவருக்கும் முகக்கவசமா?

ஓடும்போது முகக்கவசம் அணிய வேண்டுமா, வேண்டாமா? கொரோனாக் காலத்தில் உலகெங்கும் எழுந்த கேள்விகளுள் இது மிகச் சிறியதொன்று. பிராணவாயுவுக்காக மனிதர்கள் வைத்தியசாலை வாசல்களில் காத்துக்கிடந்த நாட்களில் ஓட்டக்காரரின் மூச்சைப் பற்றிக் கவலைப்படுவது ஆடம்பரம் என்றுகூடச் சிலருக்குத் தோன்றலாம். ஆனால், இந்தச் சின்னக் கேள்வியால் வாழ்க்கை மாறிப்போன ஒருவரை எனக்குத் தெரியும். அதற்கு விடை தேடி என்னிடம் வந்த இன்னொருவரையும் தெரியும். அதனாலேயே, எல்லோரும் மறந்துவிட்ட பிறகு இதை எழுதுகிறேன்.

கொழும்பில் வெள்ளவத்தைப் பக்கம் இருப்பவர்களுக்கு மெரைன் டிரைவ் பற்றி நான் விளக்கத் தேவையில்லை. புலம்பெயர்ந்து நெடுங்காலமானவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு பக்கம் மாடிக் குடியிருப்புகள், மறுபக்கம் ரயில் பாதை, அதற்கப்பால் கடல். காலி வீதியின் இரைச்சலுக்குத் தப்பி வந்தவர்கள் விடிகாலையில் கால் நீட்டி நடப்பதற்கு அந்த வீதியை விட்டால் வேறு இடம் இல்லை. நானும் அங்கேதான் நடப்பேன். என்னுடன் வங்கியொன்றில் இருந்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் வருவார். இருபது வருடமாகச் சலரோகக்காரர். "நடையை விட்டால் ஊசிதான்" என்று வைத்தியர் அவரைப் பயமுறுத்தி வைத்திருந்தார். எங்களைக் கடந்து தினமும் ஓர் இளைஞர் ஓடுவார். மரதன் ஓட்டத்துக்குத் தன்னைத் தயார்படுத்திக்கொண்டிருந்த பிள்ளை. காலப்போக்கில் கைகாட்டும் அளவுக்குப் பழக்கமானார்.

2020 மார்ச் 20 ஆம் திகதி நாடெங்கும் ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. கொழும்பில் அது தளர்த்தப்பட்டது மே 26 ஆம் திகதிதான். இரண்டு மாதங்களுக்கு மேல் நண்பர் தம்முடைய மாடி வீட்டின் கூடத்துக்கும் குசினிக்கும் இடையில் நடந்தார். எத்தனை நடை என்று சுவரில் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்ததாக அவருடைய மனைவி எனக்குத் தொலைபேசியில் சொன்னார். ஊரடங்கு தளர்ந்ததும் மூவரும் மறுபடியும் மெரைன் டிரைவுக்கு வந்து சேர்ந்தோம். அப்போது இளைஞர் என்னை நிறுத்திக் கேட்டார்:

"அங்கிள், நீங்கள் பேப்பர்காரர். உண்மையைச் சொல்லுங்கோ. இதைப் போட்டுக்கொண்டு ஓடினால் செத்துப்போவேனா?"

அவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. அந்த ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில் சீனாவில் இருந்து வந்த செய்திகளைப் படித்திருந்தார். பாடசாலைகள் மீளத் திறக்கப்பட்ட பின்னர், உடற்பயிற்சி வகுப்பில் முகக்கவசத்துடன் ஓடிய மாணவர்கள் விழுந்து இறந்தார்கள் என்ற செய்தி உலகமெங்கும் பரவியது. வூஹானில் முகக்கவசத்துடன் நான்கு கிலோமீற்றர் ஓடிய 26 வயது மனிதருக்கு நுரையீரல் சுருங்கிவிட்டது என்று இன்னொரு செய்தி.

ஆசிரியபீடத்தில் இருந்தவர்களுக்கு இந்த வித்தை தெரியும். 'முகக்கவசம் அணிந்து ஓடிய மாணவன் மரணம்' என்று தலைப்பிட்டால் அதில் ஒரு சொல்லும் பொய் கிடையாது. முகக்கவசம் அணிந்திருந்தான் என்பது உண்மை. இறந்தான் என்பதும் உண்மை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு நாங்கள் கையைக் கழுவிக்கொள்வோம். முடிச்சைப் போடுகிற வேலையை வாசகர் செய்துகொள்வார். அந்த மரணங்களுக்கு முகக்கவசந்தான் காரணம் என்று நிறுவப்படவில்லை. மாதக்கணக்கில் வீட்டுக்குள் அடைபட்டிருந்த பிள்ளைகளைத் திடீரென்று வெயிலில் ஓடவிட்டதும், அவர்களுக்கு முன்பே இருந்திருக்கக்கூடிய நோய்களும் கேட்கப்பட வேண்டிய கேள்விகளாக இருந்தன. தலைப்பில் அவற்றுக்கு இடம் இருக்கவில்லை.

மறுபக்கத்துப் பயமும் அதே விதமாகத்தான் விற்கப்பட்டது. ஏப்ரல் தொடக்கத்தில் பெல்ஜியம், நெதர்லாந்துப் பொறியியலாளர்கள் ஒரு கணினிச் சித்திரிப்பை வெளியிட்டார்கள். ஓடுகிறவரின் வாயிலிருந்து தெறிக்கும் துளிகள் அவருக்குப் பின்னால் எவ்வளவு தூரம் மிதந்து வரும் என்பதை வண்ணப் புள்ளிகளால் அது காட்டியது. ஓடுகிறவருக்கு நேர் பின்னால் போகிறவர் பத்து மீற்றர் இடைவெளி விடவேண்டும் என்பது அவர்களுடைய கணக்கு. சக ஆய்வாளர்களின் மதிப்பீட்டுக்கு முன்பே அந்தப் படம் உலகத்தைச் சுற்றி வந்துவிட்டது. துளி எங்கே போகும் என்பது பொறியியல். அந்தத் துளியில் நோயை உண்டாக்கும் அளவுக்குக் கிருமி இருக்குமா என்பது வேறு துறை. இந்த வேறுபாடு வண்ணப் படத்தைப் பார்த்தவர் எவருடைய கண்ணிலும் படவில்லை. என் நண்பரும் அந்தப் படத்தைப் பார்த்தார். அவருடைய மகள் லண்டனில் இருந்து வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள், "அப்பா, ஓடுற ஆக்களுக்குக் கிட்டப் போகாதீங்கோ" என்ற குறிப்புடன்.

அன்றிலிருந்து ஓடுகிறவர் எவரேனும் எதிரில் வந்தால் அவர் மதிலோடு ஒட்டி, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு நிற்பார். காலடிச் சத்தம் கடந்துபோகும் வரை மூச்சையும் பிடித்துக்கொள்வார்.

இளைஞருக்குப் பதில் சொல்வதற்காக நான் படிக்கத் தொடங்கினேன். படிக்கப் படிக்கக் குழப்பம்தான் கூடியது. உலக சுகாதார ஸ்தாபனம் 2020 ஜூன் 5 ஆம் திகதி தன் பழைய நிலைப்பாட்டை மாற்றி, நோய் பரவியிருக்கும் இடங்களில், இடைவெளி பேண முடியாதபோது பொதுமக்கள் துணி முகக்கவசம் அணிவதை அரசுகள் ஊக்குவிக்க வேண்டும் என்றது. அதே மாதத்திலேயே, உடற்பயிற்சி செய்யும்போது முகக்கவசம் அணியக் கூடாது என்றும் அறிவித்தது. மூச்சுவிடுவது சிரமமாகலாம், வியர்வையில் நனைந்த கவசத்தில் நுண்ணுயிர்கள் பெருகலாம், ஆகவே ஒரு மீற்றர் இடைவெளியைப் பேணினால் போதும் என்பது அதன் விளக்கம்.

ஆய்வுகூடங்களும் ஒரே குரலில் பேசவில்லை. ஜேர்மனியின் லைப்சிக் நகரில் 12 ஆரோக்கியமான ஆண்களை நிலைச் சைக்கிளில் மிதிக்க வைத்துச் சோதித்தார்கள். சத்திரசிகிச்சை முகக்கவசமும், அதைவிட இறுக்கமான வகையும் அவர்களுடைய உச்ச வலுவைக் குறைத்தன. இறுக்கமான வகை கூடுதலாகக் குறைத்தது. அதே ஆண்டு கனடாவின் சஸ்காச்சுவான் பல்கலைக்கழகத்தில் 14 பேரைக் களைத்து விழும் வரை மிதிக்க வைத்தபோது, கவசம் அணிந்ததால் அவர்களுடைய இரத்தத்தின் ஒட்சிசன் அளவிலோ, தாக்குப்பிடித்த நேரத்திலோ குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் தெரியவில்லை. இரண்டையும் சேர்த்துப் படித்தால் எனக்கு விளங்கியது இவ்வளவுதான்: நல்ல தேகமுள்ள ஒருவரை முகக்கவசம் கொல்லாது, வேகத்தைக் கொஞ்சம் குறைக்கலாம். ஆனால், அவை குளிர்நாட்டு ஆய்வுகூடங்கள். வெள்ளவத்தையின் விடிகாலைப் புழுக்கத்தில் பத்து நிமிடம் ஓடினால் துணிக்கவசம் பிழிந்தெடுக்கலாம் போல நனைந்துவிடும். ஈரத்துணியை மூக்கில் கட்டிக்கொண்டு மூச்சு வாங்குவது எப்படியிருக்கும் என்று லைப்சிக் நகரத்தவர் அறிந்திருக்க நியாயமில்லை.

உண்மையான கேள்வி வேறு இடத்தில் இருந்தது. திறந்த வெளியில் இந்த நோய் எவ்வளவு தொற்றுகிறது? சீனாவில் ஏழாயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகளின் விபரங்களை ஆராய்ந்தவர்கள், வெளியிடத்தில் தொற்றிய ஒரேயொரு சம்பவத்தைத்தான் கண்டுபிடித்தார்கள். அதில் சம்பந்தப்பட்டவர்கள் இருவர். தென் கொரியாவின் சொனான் நகரில் நடந்ததையும் பார்க்க வேண்டும். அங்கே மூடிய மண்டபங்களில் நடந்த துள்ளல் நடன வகுப்புகளோடு தொடர்புபட்டு 112 பேருக்குத் தொற்று ஏற்பட்டது. நோய் தொற்றிய பயிற்றுநர்களுள் ஒருவர் மெதுவான உடற்பயிற்சியும் யோகாவும் கற்பித்தவர். அவருடைய மாணவர்களில் எவருக்கும் தொற்று இல்லை. மேல்மூச்சுக் கீழ்மூச்சு வாங்கும் உடற்பயிற்சி ஆபத்துத்தான், ஆனால் நான்கு சுவர்களுக்குள். கடற்காற்று வீசும் வீதியில் ஒரு நொடியில் கடந்துபோகிறவரால் வரும் ஆபத்து மிகச் சொற்பம்.

ஆகவே இளைஞரிடம் சொன்னேன்: "தம்பி, தனியாக ஓடும்போது தேவையில்லை. கழுத்தில் கிடக்கட்டும். ஆட்களைக் கண்டால் ஏற்றிக்கொள்ளும், அல்லது ரயில் பாதைப் பக்கம் தாண்டிப் போம்." அவர் இரண்டையும் செய்தார். எங்களுக்கு இருபது அடி முன்பாகவே கையை உயர்த்திக் கவசத்தை இழுத்துவிட்டு, வீதியின் மறுபக்கத்துக்குப் போய்விடுவார். கிருமியைத் தடுத்ததை விட, மதிலோடு ஒட்டி நின்ற ஒரு கிழவருக்கு அது கொடுத்த தெம்பு அதிகம். "பொடியன் மரியாதை தெரிஞ்சவன்" என்று நண்பர் சொன்னார். சில கிழமைகளில் சுவரைப் பார்ப்பதை நிறுத்திவிட்டார்.

ஒக்டோபரில் மினுவாங்கொடை ஆடைத் தொழிற்சாலைக் கொத்தணி வந்தது. 15 ஆம் திகதி வெளியான விசேட வர்த்தமானி, பொது இடங்களில் முகக்கவசம் அணிவதைக் கட்டாயமாக்கியது. வெள்ளைக்காரன் 1897 இல் கொண்டுவந்த தொற்றுநோய்த் தடுப்புச் சட்டத்தின் கீழ், மீறுவோருக்குப் பத்தாயிரம் ரூபா வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை. ஓடுபவருக்கு விலக்கு உண்டா? வீதியில் நின்ற பொலிஸாருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. ஸ்பெயினில் மே மாதம் முகக்கவசத்தைக் கட்டாயமாக்கியபோது, தன்மையிலேயே கவசத்தோடு செய்ய இயலாத செயல்களுக்கு விலக்கு என்று எழுத்தில் வைத்தார்கள். பாரிஸ் நகரத்தில் வேறொரு கூத்து. ஏப்ரல் 8 ஆம் திகதி முதல் காலை பத்து மணிக்கும் மாலை ஏழு மணிக்கும் இடையில் ஓடக்கூடாது என்று தடை போட்டார்கள். நாள் முழுவதும் பரந்து ஓடக்கூடியவர்களைக் காலையிலும் மாலையிலும் ஒன்றாகத் திரளவைக்கும் ஏற்பாடு அது. எங்கள் ஊரில்தான் மூளை குறைவு என்று யாரும் வருந்தத் தேவையில்லை.

நவம்பரில் ஒருநாள், விடிந்தும் விடியாத பொழுதில், சீருடையில் இருந்த ஒருவர் அந்த இளைஞரை மறித்தார். முகக்கவசம் எங்கே என்று சிங்களத்தில் அதட்டினார். கழுத்தில் இருந்ததைக் காட்டிய பிறகும் அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டார். கண்ணுக்கெட்டிய தூரத்தில் நாங்கள் இருவரையும் தவிர எவரும் இல்லை. அதட்டியவருடைய கவசமோ மூக்குக்குக் கீழே இறங்கிக் கிடந்தது. அடையாள அட்டையில் தமிழ்ப் பெயரைப் படித்ததும் கேள்விகளின் போக்கு மாறியதை நாங்கள் கேட்டுக்கொண்டு நின்றோம். எங்கே பிறந்தாய், இங்கே யாருடன் இருக்கிறாய், இந்த இருட்டில் எங்கே ஓடுகிறாய். கடைசியில் எச்சரித்து விட்டுவிட்டார். வழக்கு இல்லை, அபராதமும் இல்லை. இந்த நாட்டில் தமிழ் இளைஞன் ஒருவன் இருட்டில் ஓடுவதற்கு விளக்கம் சொல்ல வேண்டியிருப்பது கொரோனாவோடு வந்த புதுமை ஒன்றுமில்லை என்பதை என் வயது வாசகர்கள் அறிவார்கள்.

அதற்குப் பிறகு அவர் அந்தப் பக்கம் வரவில்லை. தான் குடியிருந்த கட்டடத்தின் மொட்டை மாடியில் வட்டம் வட்டமாக ஓடியதாகச் சொன்னார்.

நண்பரும் நின்றுவிட்டார். கைது செய்யப்பட்டவர்களின் தொகையைத் தொலைக்காட்சி தினமும் அறிவித்துக்கொண்டிருந்தது. "நடக்கும்போது எனக்கும் மூச்சு வாங்குது. கவசத்தைக் கீழே இறக்கினால் பொலிஸ், ஏற்றினால் நெஞ்சடைப்பு. வீட்டிலேயே இருக்கிறேன், ஐசே" என்றார். இம்முறை அவர் சுவரில் கோடு போடவில்லை. 2021 செப்டெம்பரில், மறுபடியும் ஊரடங்கு நடந்துகொண்டிருந்தபோது, அவருடைய வலது காலில் இரண்டு விரல்களை வெட்டியெடுத்தார்கள்.

சீனத்துச் செய்தியைப் பற்றி மேலே எழுதியவன் நான். ஆகவே அருகருகே இரண்டு உண்மைகளை வைத்துவிட்டு ஒதுங்க மாட்டேன். வைத்தியர் சொன்னதை அப்படியே தருகிறேன்: சலரோகம் பழையது; புண்ணை நேரகாலத்துடன் காட்டவில்லை; மருந்துக்கு ஒழுங்காக வரவில்லை; நடையை விட்டதால் சீனி ஏறியது. நான்கு காரணங்களில் ஒன்று நடை. அந்த ஒன்றுக்குள் முகக்கவசம் எத்தனை பங்கு, பயம் எத்தனை பங்கு, அபராதம் எத்தனை பங்கு என்று பிரிக்கும் தராசு எவரிடமும் இல்லை.

மூடிய அறைகளிலும் பஸ்களிலும் முகக்கவசம் உயிர்களைக் காத்தது என்பதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. அதை அணிய மறுத்தவர்களின் கூட்டத்தோடு என்னைச் சேர்த்துவிட வேண்டாம். நெரிசலான பஸ்ஸுக்கும் ஆளில்லாக் கடற்கரை வீதிக்கும் ஒரே சட்டம் எழுதினால், மக்கள் இரண்டையும் ஒன்றாகவே மதிப்பார்கள் என்பதுதான் என் முறைப்பாடு. நான் கண்ணால் கண்டது அதுதான். வீதியில் பொலிஸைக் கண்டதும் மூக்கை மூடியவர்கள், கடைக்குள் போனதும் நாடிக்கு இறக்கினார்கள். ஆபத்து இருந்த இடம் கடை.

2022 ஜூனில், வெளியிடங்களில் முகக்கவசம் கட்டாயமில்லை என்று அறிவித்தார்கள். அந்த வாரம் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற எவருக்கும் அது செய்தியாகப் படவில்லை. இளைஞர் மெல்பேர்ணுக்குப் போய்விட்டார். கடந்த ஆண்டு அங்கே மரதன் ஓடி முடித்த படத்தை அனுப்பியிருந்தார். நண்பருக்கு விசேடமாகச் செய்த சப்பாத்து ஒன்று கிடைத்திருக்கிறது. கிழமையில் மூன்று நாள் மெரைன் டிரைவில் என்னுடன் மெதுவாக வருகிறார். படத்தைக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டு நெடுநேரம் பார்த்தவர், "பொடியன் இளைச்சுப் போனான். சாப்பாடு சரியில்லைப் போல" என்றார்.