மாலை ஆறு மணிப் பர்கர்

எஸ்பிஎம் தேர்வு முடிந்த மறுவாரம் என் மகள் ஒரு பட்டியலை நீட்டினாள். கோலாலம்பூரிலும் பெட்டாலிங் ஜெயாவிலும் உள்ள பர்கர் கடைகள், மொத்தம் எட்டு. "சனிக்கிழமைக்கு ரெண்டு கடைப்பா. நாலே வாரத்துல எது பெஸ்ட்டுன்னு தெரிஞ்சிடும்" என்றாள். ஓராண்டாகப் புத்தகமும் கையுமாக இருந்த பிள்ளை. மறுக்க மனம் வரவில்லை. என் மனைவி மட்டும், "டாக்டர் போன மாசந்தான் கொழுப்பைக் குறைக்கச் சொன்னாரு" என்று நினைவுபடுத்தினாள். ஆளுக்குப் பாதி என்று சமாதானம் சொல்லிவிட்டு அப்பாவும் மகளும் கிளம்பினோம்.

முதலில் பெட்டாலிங் ஜெயா. 2012இல் சீ பார்க்கில் மைபர்கர்லேப் தொடங்கிய காலத்தில் அந்தக் கறுப்பு ரொட்டியைப் பார்ப்பதற்கென்றே இளைஞர்கள் வரிசை பிடித்து நின்றார்கள். கரித்தூள் கலந்து சுட்ட ரொட்டி. நிறம்தான் கறுப்பு, வாயில் வைத்தால் நல்ல ரொட்டியின் சுவைதான். அடுத்த வாரம் பங்சார். இறைச்சி உருண்டையைச் சூடான கல்லில் வைத்து நசுக்கி, ஓரங்கள் அப்பளம் போல் மொறுமொறுக்கும்வரை சுடுவதுதான் இப்போதைய மோகம். விலைப்பட்டியலில் முப்பது வெள்ளிக்கு மேலும் இருந்தது. அதற்கடுத்த வாரம் வங்சா மாஜு பக்கம், கரி அடுப்பில் வாட்டும் 'பர்கர் பாக்கார்'. புகை வாசனை சட்டையில் ஒட்டிக்கொண்டு வீடுவரை வந்தது.

கோழி பர்கரைப் பொறுத்தவரை நான் கண்டுகொண்டது இதுதான்: அரைத்துத் தட்டிய கோழியைவிட, எலும்பு நீக்கிய தொடைக் கறியை முழுதாகப் பொரித்து வைக்கும் கடையே மேல். ரொட்டியின் உட்புறத்தைக் கல்லில் போட்டு வாட்டித் தருகிறார்களா என்று பாருங்கள். வாட்டாத ரொட்டி சாஸை உறிஞ்சிக்கொண்டு பாதியிலேயே பிய்ந்துவிடும். சாஸ் வழிய வழியத் தரும் கடையில் பெரும்பாலும் இறைச்சியின் சுவை சுமாராகத்தான் இருக்கும்.

எங்கள் வீட்டில் மாட்டிறைச்சி கிடையாது. இந்த நகரத்தில் புகழ்பெற்ற பர்கர்களில் முக்கால்வாசி மாட்டிறைச்சிதான். ஆகவே ஒவ்வொரு கடையிலும் முகப்பில் நின்று நான் கேட்பேன்: கோழியையும் மாட்டையும் ஒரே கல்லில் போடுகிறீர்களா? கரண்டி தனியா? சாஸில் இறைச்சிச் சாறு ஏதும் உண்டா? சில இடங்களில் நின்று நிதானமாகப் பதில் சொன்னார்கள். ஓரிடத்தில் பணிப்பெண் சமையல்காரரை அழைத்து வந்தே காட்டினாள். சில இடங்களில் எனக்குப் பின்னால் நின்றவர்கள் பெருமூச்சு விட்டார்கள்.

மூன்றாம் வாரம் மகள் பொறுமை இழந்தாள். "ஏம்பா எல்லா இடத்துலயும் இப்படி விசாரணை பண்றீங்க? எனக்கு வெட்கமா இருக்கு. சிக்கன்னு சொன்னா சிக்கன்தானே?"

நான் பதில் சொல்லவில்லை. காரில் ஏறியதும் அவளே சன்னலைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். தேர்வுக்கு முன்பு தோழியின் பிறந்தநாளுக்கு எல்லாரும் ஒரு கடைக்குப் போயிருக்கிறார்கள். தட்டு நிறைய சின்னச் சின்னப் பர்கர்கள் வந்தன. எது என்ன என்று இவள் கேட்கவில்லை; கேட்டால் கேலி செய்வார்களோ என்று கூச்சம். ஒன்றை எடுத்துச் சாப்பிட்டு முடித்த பிறகுதான் பக்கத்தில் இருந்தவள் அது மாட்டிறைச்சி என்று சொல்லியிருக்கிறாள்.

"ரெண்டு மாசமா மனசுல வச்சிருக்கேன்பா. பாட்டிகிட்ட சொல்லிடாதீங்க."

சாலையோரம் வண்டியை நிறுத்தினேன். கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய். வயிற்றுக்குள் ஏதோ இறுகியது. ஆனால் அதே நிமிடம், முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய செந்தூல் இரவு ஒன்று நினைவுக்கு வந்தது. அதுவரை அவளுக்குச் சொல்லாத கதை. அன்று சொன்னேன்.

என் அப்பாவுக்குச் செந்தூல் ரயில்வே பட்டறையில் வேலை. சம்பளம் போட்ட நாளில் மட்டும் எங்கள் வீட்டில் பர்கர். சாலை முனையில் ஒரு மலாய்க்கார அண்ணன் தள்ளுவண்டி போட்டிருந்தார். நாங்கள் எல்லாரும் அவரை 'பாங்' என்றுதான் கூப்பிடுவோம். மார்ஜரின் உருகும் வாசனை எங்கள் அடுக்குமாடி வீட்டின் மூன்றாம் மாடிவரை வரும். கோழித் துண்டின் நடுவே கீறிப் புத்தகம் போல் விரிப்பார். மிளகுத்தூள் தூவி, மெகி சாஸ் தெளிப்பார். கல்லில் முட்டையை உடைத்து மெல்லியதாகப் பரப்பி, கோழியை அதன் நடுவே வைத்து, நாலு பக்கமும் கடித உறை மாதிரி மடிப்பார். அதுதான் 'ஸ்பெஷல்'. முட்டைக்கோஸ், மயோனிஸ், மிளகாய் சாஸ் எல்லாம் சேர்த்துக் காகிதத்தில் சுற்றிக் கையில் தரும்போது உள்ளங்கை சுடும்.

எனக்குப் பதினொரு வயது இருக்கும். அன்று கடையில் நல்ல கூட்டம். வீட்டுக்கு வந்து பிரித்தோம். என் தங்கை முதலில் கடித்தாள். இரண்டாவது வாய் கடிக்கும்போது அப்பா அவள் கையைப் பிடித்து நிறுத்தினார். இறைச்சி கருத்திருந்தது, வாசனையும் வேறு. பொட்டலம் மாறிவிட்டது. அம்மா தங்கையை இழுத்துப்போய் வாய் கொப்பளிக்க வைத்தார். பிறகு சாமி மேடைக்கு முன் உட்கார்ந்து அழுதார். ஏதோ பெரிய தவறு செய்துவிட்டோம் என்று தங்கையும் சேர்ந்து அழுதாள்.

அப்பா அந்தப் பர்கரைக் காகிதத்தோடு மடித்து எடுத்துக்கொண்டு, "வா" என்று என்னையும் அழைத்துக்கொண்டு இறங்கினார். பெரிய சண்டை நடக்கப் போகிறது என்று நினைத்தேன். அப்பா சண்டை போடவில்லை. கூட்டம் கலையும்வரை ஓரமாக நின்றார். கடைசி ஆளும் போன பிறகு வண்டிக்கு அருகே போய், பொட்டலத்தைப் பிரித்துக் காட்டி, தாழ்ந்த குரலில் மலாயில் சொன்னார்: "பாங், நாங்கள் மாடு சாப்பிடுவதில்லை. சின்னப் பிள்ளை கடித்துவிட்டாள்."

அந்த மனிதரின் முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு நெஞ்சில் கை வைத்தார். "எனக்கு ஆகாததை யாராவது இப்படிக் கொடுத்திருந்தால் எனக்கு எப்படி இருக்கும்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். காசைத் திருப்பிக் கொடுத்தார். அப்பா வாங்கவில்லை. பிறகு அவர் ஒரு யோசனை சொன்னார்: "நாளையிலிருந்து ஆறு மணிக்கு வாருங்கள். கல்லைத் தேய்த்துக் கழுவி அப்போதுதான் அடுப்பைப் பற்ற வைப்பேன். உங்களுடையதை முதலில் போட்டுத் தருகிறேன். அதன் பிறகுதான் மற்றது."

அன்று முதல் ஒவ்வொரு சம்பள நாளும் எங்கள் வீட்டுப் பர்கர்தான் அந்தக் கல்லில் விழும் முதல் பர்கர். எங்களுக்கென்று ஒரு கரண்டி வாங்கி, அதன் பிடியில் மஞ்சள் நிற ஒட்டுநாடா சுற்றி வைத்திருந்தார். ஓராண்டு கழித்து, அதுவரை பர்கரைத் தொடாத அம்மாவும் சாப்பிட்டார். இறைச்சி இல்லாமல் முட்டை மட்டும் வைத்த 'பென்ஜோ'. தீபாவளிக்கு அம்மா சுட்ட முறுக்கு ஒரு டின் அந்த வண்டிக்குப் போகும்.

வளர்ந்த பிறகுதான் எனக்கு இன்னொன்று தெரிந்தது. நம் நாட்டுக்கு அமெரிக்கத் துரித உணவு 1963இலேயே வந்துவிட்டது. ஏ அண்ட் டபிள்யூ. மெக்டானல்ட்ஸ் 1982இல் புக்கிட் பிந்தாங்கில் முதல் கடையைத் திறந்தது. இந்த இரண்டுக்கும் நடுவே, 1979இல், ராம்லி மொக்னி என்பவர் தம் மனைவியோடு சேர்ந்து வீட்டிலேயே கையால் பர்கர் இறைச்சி தட்டி விற்கத் தொடங்கினார். இறைச்சிக் கடையில் வேலை பார்த்தவர் அவர். அக்காலத்தில் சந்தையில் கிடைத்த பர்கர் இறைச்சி ஹலால்தானா என்று அவருக்குச் சந்தேகம். அந்தச் சந்தேகத்தோடு சாப்பிட அவருக்கு மனம் இல்லை. அதனால் தாமே செய்தார். இன்று நாடு முழுக்கச் சாலையோர வண்டிகளில் 'ராம்லி பர்கர்' மணப்பதற்கு அதுதான் தொடக்கம்.

மகளிடம் இதைச் சொன்னபோது அவள் முதல்முறையாக என் பக்கம் திரும்பினாள். "அப்போ அந்த பர்கரே ஒருத்தர் 'இதுல என்ன இருக்கு'ன்னு கேட்டதாலதான் வந்துச்சா?"

"ஆமாம். இந்த ஊர்ல எல்லாருக்கும் ஏதோ ஒண்ணு ஆகாது. அவங்களுக்கு ஒண்ணு, நமக்கு ஒண்ணு, சைவம் சாப்பிடுற சீனப் பாட்டிக்கு ஒண்ணு. கேக்குறதுல வெட்கம் இல்ல. கேக்காம சாப்பிட்டுட்டு ரெண்டு மாசம் மனசுல வச்சிக்கிட்டு இருந்தே பாரு, அதுதான் எனக்குக் கஷ்டமா இருக்கு" என்றேன்.

அவள் நாளை என்ன சாப்பிடுவாள், எதை விடுவாள் என்பது என் கையில் இல்லை. அடுத்த ஆண்டு பல்கலைக்கழகம், விடுதி, புதிய நண்பர்கள். எங்கள் வீட்டுப் பழக்கத்தை அவள் தொடர வேண்டும் என்று ஆசைதான். அதைவிடப் பெரிய ஆசை, எதுவாக இருந்தாலும் தெரிந்து, தேர்ந்து சாப்பிட வேண்டும். கூச்சத்தால் வாய் மூடி இருந்துவிடக் கூடாது. என் அப்பா அன்றிரவு கத்தியிருந்தால் எங்களுக்கு ஒரு பர்கர் கடை இல்லாமல் போயிருக்கும், அவ்வளவுதான். கேட்கவே கூசிப் பேசாமல் இருந்திருந்தால் சம்பள நாள் பர்கரே நின்று போயிருக்கும். அவர் காத்திருந்து, தாழ்ந்த குரலில், நேராகச் சொன்னார். எதிரில் இருந்தவருக்கு அது புரிந்தது.

நான்காம் சனிக்கிழமை பட்டியலில் இன்னும் இரண்டு கடைகள் பாக்கி. "அது வேணாம்பா. நம்ம தாமான் முனையில ஒரு வண்டி இருக்குல்ல, அங்கப் போவோம். ஆறு மணிக்கு" என்றாள் மகள்.

போனோம். இருபத்தைந்து வயதுகூட இருக்காது அந்தப் பையனுக்கு. கல்லைச் சுரண்டித் துடைத்துக்கொண்டிருந்தான். நான் வாயைத் திறப்பதற்குள் மகள் முன்னால் போய் நின்று மலாயில் கேட்டாள்: "பாங், இன்னிக்கு மாட்டிறைச்சி ஏதும் போட்டாச்சா?"

"இன்னும் இல்லை, தங்கச்சி. நீங்கள்தான் முதல் ஆள்."

கோழி ஸ்பெஷல் மூன்று, பென்ஜோ ஒன்று. மொத்தத்தையும் சேர்த்தாலும் பங்சாரில் நாங்கள் பாதிப் பாதியாகத் தின்ற ஒரே பர்கரின் விலையைத் தாண்டவில்லை. முட்டை மடிப்பு கொஞ்சம் கிழிந்திருந்தது. மிளகு சற்று அதிகம். ஆனாலும் என் பட்டியலில் அதற்குத்தான் முதலிடம்.

வீட்டில் அம்மாவிடம் பென்ஜோவைக் கொடுத்தோம். எழுபத்தெட்டு வயது. காகிதத்தைப் பிரிக்கும் முன் வழக்கமான கேள்வியைக் கேட்டார்: "முதல்ல போட்டதா?"

"ஆமா பாட்டி. நான்தான் கேட்டு வாங்கினேன்" என்றாள் மகள். பிறகு என்னை ஒருமுறை பார்த்துவிட்டுப் பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தப் பிறந்தநாள் கதையை அவளே சொன்னாள்.

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பர்கரைச் சரிபாதியாகப் பிய்த்து, ஒரு பாதியை மகள் கையில் வைத்தார். "உங்க அத்தையும் ஒருதரம் அப்படித்தான். அன்னிக்கு அவளைவிட நான்தான் அதிகமா அழுதேன். இனிமே கேட்டுக்கோ, என்ன?" என்றார்.

கோலாலம்பூரில் நல்ல பர்கர் எங்கே கிடைக்கும் என்று யாராவது கேட்டால் நான் கடைப்பெயர் எதுவும் சொல்வதில்லை. உங்கள் வட்டாரத்து வண்டிக்குப் போங்கள். மாலை ஆறு மணிக்கு, கல் சுத்தமாக இருக்கும்போது போங்கள். வேண்டியதைக் கூசாமல் கேளுங்கள்.